வெர்லன் கூப்பிட்டால் வரும்

வெர்லன் ஹக்கபி தன் ஆயுளில் விமானம் ஏறியதில்லை. ஆனால் முப்பத்தோரு வருஷம் ஒரு விமான எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பிழைத்தான். எங்கள் பக்கத்து ஏர்போட் அப்படித்தான் இருக்கும். தட்டையான அலுமினிய அடி, பின்பக்கம் கம்பிக் கூண்டுக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி, அதைச் சுற்றப் பழைய விமானத்திலிருந்து கழற்றிய எஞ்சின். ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போதும், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் ரம்பப்புல் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிரேக் கிடையாது. பின்னால் வராது. டிக்கெட் வாங்க வருகிறவர்களிடம் நானாக இதைச் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன்.

நான் நெல்டா. டூயி பிரிட்சர்டின் படகுத்துறையில் பத்தொன்பது வருஷமாக டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். டிக்கெட் கிழிப்பது, காதடைப்பான் கொடுப்பது, திரும்பி வந்தவர்களின் புகாரைக் கேட்பது, மூன்றும் என் வேலை. "முதலை நிச்சயமா தெரியுமா?" என்று கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. "கேப்டன் வெர்லனோட படகுல ஏறுங்க, தெரியும்" என்பேன். அது பொய்யில்லை.

வெர்லனும் நானும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள். அவன் அப்பா தவளை பிடித்து விற்றவர். தடை இருந்த காலத்தில் ரகசியமாக முதலைத் தோலும் விற்றார் என்பது ஊருக்கே தெரியும், யாரும் சொன்னதில்லை. வெர்லன் பதினைந்து வயதில் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு அப்பாவின் படகில் ஏறினான். காதடைப்பான் போட்டுக்கொள்வது வெளியூர்க்காரர்களின் பழக்கம் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தான். அதன் பலன், நாற்பது வயதுக்குள் வலது காது போய்விட்டது. மெதுவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவன் பேசுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என் காதருகே குனிந்து, "இந்த ஆளு இன்னும் எவ்வளவு நேரம் பேசுவாரு?" என்றான். பிரசங்கம் செய்துகொண்டிருந்தவரே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம் வெர்லன்" என்றார்.

அவன் மனைவி வில்மா ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு லேக்லாந்துக்குப் போய்விட்டாள். போகிற அன்று என் ஜன்னலுக்கு வந்து சொல்லிக்கொண்டு போனாள். "சண்டை போட்டாலும் ஊருக்குக் கேக்குது, கொஞ்சினாலும் ஊருக்குக் கேக்குது. மனுஷி எப்படிக்கா குடும்பம் நடத்தறது?" நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு போய்விட்டாள்.

அதற்கப்புறம் வெர்லன் துறைக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தான். காலையில் கறுப்புக் காப்பி, மத்தியானம் டின் சாசேஜும் உப்பு பிஸ்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்து டூர். ஐந்திலும் ஒரே பேச்சு, ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே ஜோக். அவனுடைய இடது கட்டைவிரல் பாதிதான் இருக்கும். படகை வண்டியில் ஏற்றும்போது இரும்புக் கயிற்றில் சிக்கிப் போன விரல். ஆனால் டூரில் அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முதலையின் வாயில் போகும். வெளியூர்க்காரன், வெளிநாட்டுக்காரன் என்று வித்தியாசமில்லாமல் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

இனி செனட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு அடி ஆண் முதலை. பொதுப் படகிறங்கு துறைக்குப் பக்கத்தில் ஆழமான குட்டை ஒன்று உண்டு, அங்கேதான் அதன் இருப்பு. வெர்லன் குட்டை வளைவில் எஞ்சினை நிறுத்துவான். உயர நாற்காலியிலிருந்து இறங்கி, உள்ளங்கையால் படகின் தகரத்தை மூன்று தடவை அடிப்பான். பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். முட்டையிலிருந்து வந்த குஞ்சு தாயைக் கூப்பிடுகிற சத்தம் அது. எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு வரும், ஆனால் அவனுக்கு வருகிற மாதிரி யாருக்கும் வராது. புல் விலகும். செனட்டர் வாயைத் திறந்துகொண்டே வருவார். போட்டதை விழுங்குவார். ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போவார். அதனால்தான் அந்தப் பெயர்.

போட்டது மார்ஷ்மெலோ. வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்கும் சர்க்கரை மிட்டாய். தண்ணீரில் மிதக்கும், முதலைக்குப் பறவை முட்டை மாதிரித் தெரியும் என்பார்கள். முதலைக்குத் தீனி போடுவது இந்த மாநிலத்தில் குற்றம். அப்படி எழுதிய பலகையே எங்கள் துறையில், என் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. அதைத் துடைக்கிறவளும் நான்தான். வாரம் இரண்டு பை மார்ஷ்மெலோ வாங்கி வந்தவளும் நான்தான். ஊர்க்கடையில் வாங்கினால் பேச்சு வரும் என்று பக்கத்து நகரமான நேப்பிள்ஸ் வரை போவேன். ஒரு தடவை கடைக்காரப் பெண், "வீட்டில் நிறையக் குழந்தைகளா?" என்று கேட்டாள். "ஒண்ணுதான். கொஞ்சம் பெரிசு" என்றேன்.

எங்கள் பக்கம் இதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. மாட்டிக்கொள்வதைத்தான் தப்பென்று நினைத்தோம். பதினாலு வருஷம் மாட்டிக்கொள்ளவில்லை.

போன ஏப்ரலில் மழையே இல்லை. புல்வெளியெல்லாம் வறண்டு, இருக்கிற முதலையெல்லாம் ஆழமான இடம் தேடி அந்தக் குட்டையில் வந்து சேர்ந்தன. பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஓர் அறுபது வயதுப் பெண் படகிறங்கு துறையில் காரை நிறுத்தி, ஐஸ்பெட்டியைத் திறந்து சாண்ட்விச் செய்துகொண்டிருந்தாள். செனட்டர் தண்ணீரை விட்டு ஏறி, சிமெண்டுச் சரிவில் நடந்துபோய், அவளுக்கு நாலடி தள்ளி நின்று வாயைத் திறந்தார். கடிக்கவில்லை. திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பெண் ஓடினாள், விழுந்தாள், மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே மாநில வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டாள். அவளை எப்படிக் குற்றம் சொல்வது? நானாக இருந்தால் விழுந்த இடத்திலேயே உயிரை விட்டிருப்பேன்.

மறுநாள் கார்லிஸ் வந்தான். மாநிலத்துக்காரர்களிடம் லைசென்ஸ் வாங்கி, தொல்லை கொடுக்கும் முதலைகளைப் பிடிக்கிறவன். எங்களுக்குப் புதியவன் இல்லை. இளவயதில் வெர்லனோடு சேர்ந்து தவளை பிடித்தவன்தான். பெரிய தூண்டில் முள்ளில் மாட்டு நுரையீரலைக் கோத்து, தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டான். எல்லா முதலையும் இதற்கு வரும். இரண்டு நாள் தொங்கியது. செனட்டர் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் டூயியின் சமையலறை மேஜையில் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். பொரித்த மீனும் சோளமாவு உருண்டையும் இருந்தன. கார்லிஸ் மட்டும் சாப்பிட்டான்.

"ரெண்டு நாளா நுரையீரல் நாறுது. ஒரு மோப்பம் பிடிக்கல. என்னய்யா இவன், சைவமா?" என்றான்.

வெர்லன் சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

கார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா வெர்லன்? மிட்டாய் தின்னு வளந்தவன். இதத் தொட மாட்டான்."

"வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டுரலாமே. தெற்க, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமா" என்றான் வெர்லன். அவன் குரலில் அது கெஞ்சல் மாதிரியே இல்லை, அதட்டல் மாதிரி இருந்தது. ஆனால் கெஞ்சல்தான்.

"மனுஷனப் பாத்து வாயத் தொறக்கறவன எங்கய்யா கொண்டு விடறது? போற எடத்துல ஒரு மீன்பிடிக்கிறவன் இருக்க மாட்டானா? திரும்பியும் வந்துருவான், அதுவும் உனக்குத் தெரியும்."

"அவன் யாரையும் கடிச்சதில்ல."

"இன்னும் கடிக்கல." கார்லிஸ் குரலைத் தாழ்த்திப் பேசினான், வெர்லனுக்குக் கேட்காது என்று நினைவு வந்து மறுபடி உரக்கச் சொன்னான். "இங்க பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள இவன் கெடைக்கலன்னா, அந்தக் குட்டையில ஆறடிக்கு மேல இருக்கிற எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிருவாங்க. ஒம்பது இருக்கு. எண்ணிட்டேன். அப்புறம் எனக்கும் வேற வழியில்ல."

டூயி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளிக்கு முதலையை விடத் துறை முக்கியம், அது இயல்புதான்.

"நீ கூப்பிட்டா வருவான்" என்றான் கார்லிஸ்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயெல்லாம் மனுஷனாடா கார்லிஸ்? அவனையே கூப்பிடச் சொல்றியே, உனக்கு நாக்கு கூசல?"

வெர்லன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். "அவன் மேல ஏன் பாயற நெல்டா? வாங்கிட்டு வந்தவ நீ. போட்டவன் நான். கார்லிஸ் என்ன பண்ணுவான் பாவம்."

நான் எழுந்து, நாங்கள் தொடாத தட்டுகளை எடுக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் போனார்கள். குட்டை எங்கள் துறையிலிருந்து கூப்பிடு தூரம்தான், நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன், பார்த்தேன். கார்லிஸ் முன்னால் ஈட்டியோடும் கயிற்றோடும் குந்தியிருந்தான். வெர்லன் எஞ்சினை நிறுத்தினான், இறங்கினான், தகரத்தை மூன்று தடவை அடித்தான். முனகினான். செனட்டர் உடனே வந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெர்லன் பையைப் பிரித்து ஒரு மார்ஷ்மெலோவைப் போட்டான். கார்லிஸ் அவர் விழுங்கும்வரை காத்திருந்தான். அந்த மரியாதைக்காகவே பிறகு அவனோடு பேச ஆரம்பித்தேன்.

அதன்பின் நடந்ததைச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வேலை தெரிந்தவன், சீக்கிரம் முடித்தான்.

வெர்லன் கரைக்கு வந்து, மிச்சமிருந்த ஒன்றரைப் பை மார்ஷ்மெலோவையும் குப்பைத் தொட்டியில் போட்டான். மூடியை அழுத்தி மூடினான். "பத்து மணி டூருக்கு எத்தன பேரு?" என்று கேட்டான். ஒன்பது பேர் என்றேன். போய்விட்டு வந்தான். அன்று முதலை தெரியவில்லை என்று ஒருவரும் புகார் சொல்லவில்லை, வறட்சியில் எல்லாம் வெளியேதான் கிடந்தன.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முதலை பிடித்தவன், கூட நின்றவனுக்கு வால் இறைச்சியில் ஒரு பங்கு அனுப்புவான். கார்லிஸ் ஞாயிற்றுக்கிழமை கசாப்புத் தாளில் சுற்றி இரண்டு கிலோ கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்காவிட்டால் அவமரியாதை, வாங்காவிட்டாலும் அவமரியாதை. வெர்லன் வாங்கிக்கொண்டான். நன்றியும் சொன்னான். பிறகு அதை என் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினான்.

"பொரிச்சுத் தரவா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"நீ தின்னு."

நான் எப்படித் தின்பேன்? டூயிக்குக் கொடுத்துவிட்டேன். அவன் தின்றான். நன்றாக இருந்தது என்று வேறு சொன்னான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டூர். படகில் பதினோரு பேர். வெர்லன் வழக்கம்போலக் குட்டை வளைவில் எஞ்சினை நிறுத்தினான். தகரத்தை அடிக்கவில்லை, முனகவில்லை. கொக்கைக் காட்டுவதற்காகத்தான் நிறுத்தினான். புல் விலகியது. ஆறரை அடியில் ஒரு பெண் முதலை, வாயைத் திறந்துகொண்டு, நேரே படகை நோக்கி வந்தது. பயணிகளுக்கு ஒரே கொண்டாட்டம். எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனை நீட்டினார்கள். வெர்லன் நாற்காலியிலிருந்து இறங்கி, படகைத் தள்ளுகிற நீளக் கழியை எடுத்து, அதன் மூக்கிலேயே ஓங்கி ஓர் அடி போட்டான். அது தலையை உலுக்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது. இரண்டாவது அடி. மூன்றாவது. மூன்றாவதுக்குத்தான் முங்கியது.

இதையெல்லாம் நான் அந்தப் பதினோரு பேர் வாயாலேயே கேட்டேன், ஒருவர் விடாமல் என் ஜன்னலுக்கு வந்தார்கள். மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா அழுதுகொண்டிருந்தாள். "அது நம்மகிட்ட ஆசையா வந்ததுங்க. ஒண்ணுமே பண்ணலீங்க. அந்த ஆளு ஒரு மிருகம்" என்றாள். நான் எழுதிக்கொண்டேன். அவள் சொன்னது எதுவும் பொய்யில்லை.

வெர்லன் கழியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அவளும் கத்துக்கிட்டா நெல்டா."

"யாரு?"

"பொட்டை ஒண்ணு. நான் அவனுக்கு மட்டும்தான் போட்டேன்னு இத்தன நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவன் விட்டு மிதந்து போனத எல்லாம் இவ தின்னிருக்கா. நான் பாக்கவே இல்ல. எஞ்சின் நின்னா வாயத் தொறக்கணும்னு நெனச்சுக்கிட்டு இருக்கா." அவன் மூச்சு வாங்கியது. "கார்லிஸ் மறுபடி வந்தா எனக்கு இன்னொரு தடவ கூப்பிட முடியாது. சத்தியமா முடியாது. நாளைக்கும் அடிப்பேன்."

டூயி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அடிக்கறதும் சட்டப்படி குத்தம்தான் வெர்லன்."

"போடறதும் குத்தம்தான். பதினாலு வருஷம் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

டூயிக்குச் சுருக்கென்றது, ஆனாலும் விடவில்லை. "சரிப்பா, அடிக்கணும்னா அடி. ஆளில்லாதப்பப் போய் அடியேன். யாரு வேண்டாங்கறா?"

"ஆளில்லன்னா அவ வர மாட்டா. இன்னிக்குக் காலையில கூடத் தனியாத்தான் அங்க எஞ்சின நிறுத்தி நின்னேன், அப்ப எட்டிக்கூடப் பாக்கல. படகு நெறைய ஆளு இருந்து, சளசளன்னு பேசினாத்தான் தீனின்னு அர்த்தம் அவளுக்கு. அந்த ஆளுங்களப் பாத்துத்தான் பயப்படணும். ஆளில்லாம அடிச்சா எனக்கு மட்டும்தான் பயப்படுவா. அது போதாது."

அவன் சொன்னது நியாயம். பணம் கொடுத்து முதலை பார்க்க வந்தவர்களுக்கு எதிரே முதலையை அடித்தால்தான் அது பிழைக்கும். இதை யாரிடம் விளக்குவது? நான் ஒரு தடவை முயன்றேன். "அதோட நன்மைக்குத்தான் அடிக்கிறாரு" என்று ஒரு குடும்பத்திடம் சொன்னேன். அந்தக் குடும்பத் தலைவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

புதன்கிழமை நாலு டூரில் வந்தது, நாலிலும் அடித்தான். வியாழக்கிழமை மூன்று. ராத்திரி அவன் சாப்பிடுவதில்லை என்று நினைக்கிறேன், குப்பையில் டின்னே இல்லை. வெள்ளிக்கிழமை யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றி எங்கள் போனுக்கே வந்தது. அதில் அவன் முகம் தெரியவில்லை, முதுகும் கழியும்தான். கீழே மக்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அவனை அதே கழியால் அடிக்க வேண்டும் என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள். மார்ஷ்மெலோ போடுகிற வீடியோக்களும் இருக்கின்றன, அவற்றுக்குக் கீழே எல்லோரும் இதயம் போட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை கடைசி டூரில் அது பத்தடி தள்ளியே நின்றதாம். வாய் மூடியிருந்தது, ஆனால் போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது. "இன்னும் ரெண்டு நாள் குடு டூயி. ரெண்டே நாள்" என்று கேட்டான் வெர்லன்.

டூயி சாவிக்குக் கை நீட்டினான். "எங்கிட்ட ஆறு பேரு வேல பாக்கறாங்க வெர்லன். முன்பதிவு பண்ணினவங்கல்லாம் வேண்டாம்னு போன் போடறாங்க. நான் என்ன பண்ணட்டும் சொல்லு. போப்பா, கொஞ்ச நாள் வீட்ல இரு." கொஞ்ச நாள் என்பதன் அர்த்தம் மூன்று பேருக்கும் தெரியும். வெர்லன் சாவியை மேஜை மேல் வைத்தான். முப்பத்தோரு வருஷம். டூயி அழுவான் போலிருந்தது, ஆனால் சாவியை எடுத்துக்கொண்டான்.

படகு எங்கள் துறையில் வேலை பார்க்கும் எம்மெட்டின் கைக்குப் போனது. நல்லவன், ஆனால் கண்ணுக்கு முன்னால் யானை நின்றாலும் பார்க்காத ரகம். ஒவ்வொரு நாள் மாலையும் வெர்லன் டிரெய்லர் படியிலேயே நின்று கத்துவான்.

"வந்தாளா?"

"பாக்கல கேப்டன்."

"வரலயா, பாக்கலயா?"

"அதான் சொல்றேனே, பாக்கல."

"தகரத்த அடிச்சுக் கூப்பிட்டுப் பாரேன்டா!"

"கூப்பிடாதேன்னு நீங்கதான படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க!"

வெர்லன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். அவனே படகை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், இன்ஷூரன்ஸ்காரர்களின் பேரைச் சொல்லி டூயி அவனைத் துறையின் பலகைத் தளத்துக்கே வரக்கூடாது என்று சொல்லியிருந்தான். டிக்கெட் வாங்கினவர்கள் மட்டும்தான் வரலாம்.

பத்தாம் நாள் காலை என் ஜன்னலுக்கு எதிரே வரிசை நின்றது. தலையைக் குனிந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அடுத்த கை பாதிக் கட்டைவிரலோடு நோட்டை நீட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். வெர்லன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். வில்மாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளுக்குப் பிறகு அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"ஒண்ணு குடு."

"பைத்தியமா உனக்கு? பின்வழியாப் போய் ஏறு. டூயி வங்கிக்குப் போயிருக்கான், வர மத்தியானமாகும்."

"டிக்கெட் குடு நெல்டா. நான் யாருக்கும் தெரியாமப் போகல. எல்லாரோடவும் உக்காந்து போகணும், அப்பதான் அவளுக்கு நாங்க எல்லாம் ஒரே கூட்டம்."

கொடுத்தேன். முப்பத்திரண்டு டாலரை, சில்லறை மீதி வராமல், சரியாக எண்ணி வைத்தான். காதடைப்பானையும் கொடுத்தேன், அதைப் போட்டுக்கொள்ளும் விதம் அவனுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண்தான் திருப்பிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். போய் முன்வரிசையில், ஒரு கூட்டம் அயோவாக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்தான். வாழ்நாள் முழுக்க உயர நாற்காலியில் உட்கார்ந்தவன். முன்னால் தண்ணீர் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றியது.

அதன்பின் நடந்ததை எம்மெட் சொன்னான். வழி நெடுக எம்மெட் பேசியதெல்லாம் வெர்லனின் பேச்சே, வரி மாறாமல். அதே ஜோக்குகள். கட்டைவிரல் மட்டும் எம்மெட்டுக்கு முழுசாக இருந்ததால் அந்தக் கதையை வேறொரு கேப்டனுக்கு நடந்ததாகச் சொன்னானாம். முன்வரிசையில் ஒருவர் கையை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு சிரித்தாராம்.

குட்டை வளைவில் எஞ்சின் நின்றது. அயோவாக்காரர்கள் சளசளவென்று பேசினார்கள். எதுவும் வரவில்லை. வெர்லன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு யாரையும் கேட்காமல் குனிந்து உள்ளங்கையால் தகரத்தை மூன்று தடவை அடித்தான். முனகினான். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அது சேற்றுக் கரையில்தான் கிடந்தது, இருபதடி தள்ளி. எம்மெட்டே பார்த்துவிட்டான் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்கியது. படகைப் பார்த்தது, முன்வரிசையைப் பார்த்தது. சட்டென்று திரும்பி, வாலால் சேற்றை அடித்து ஒரே பாய்ச்சலில் தண்ணீரில் விழுந்து, எதிர்ப்பக்கப் புல்லுக்குள் போய்விட்டது. புல் அசைவது தூரத்தில் ரொம்ப நேரம் தெரிந்ததாம், நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததாம்.

படகு திரும்பியதும் அயோவாக்காரர் ஒருவர் நேரே என்னிடம் வந்தார். "நல்லாத் தெரிஞ்சுதுங்க, கிட்டக்க போயிருக்கலாம். அதோ நிக்கறாரே அந்தப் பெரியவரு, தட்டி, என்னமோ சத்தம் போட்டு, விரட்டி விட்டுட்டாரு. என் பொண்ணு ஒரு போட்டோகூட எடுக்கல." நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். குடும்பம் முழுவதற்கும் அடுத்த டூருக்கு இலவசச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

வெர்லன் வரிசை முடியும்வரை ஓரமாக நின்றான். காதடைப்பானைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான். கண் சிவந்திருந்தது, கன்னம் ஈரம். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"ஓடிட்டா நெல்டா."

"சொன்னான் எம்மெட். கூட்டத்தப் பாத்து மெரண்டிருக்கும்."

"இல்ல." அவன் சிரித்தான். சிரிக்கும்போதே மறுபடி கண் நிறைந்தது. "கூட்டத்தப் பாத்து மொதல்ல சும்மாத்தான் கெடந்தா, தீனி கேட்டு வாயத் தொறக்கல, இனி கார்லிஸுக்கு வேல இல்ல. நான் கூப்பிட்டேன். என் மூஞ்சிய நேராப் பாத்தா. என்னைத் தெரிஞ்சுதான் ஓடினா."